பழைய அமெரிக்கத் திகில் காமிக்ஸ் பாணியில் ஒரு ஜாம்பி கதை, இரண்டு நாயகிகள்: வரையத் தொடங்கிவிட்டேன், கருத்து வேண்டும்

தூரிகை எழுதியது:

வணக்கம். மூன்று வருடமாக இங்கே எல்லோரும் எழுதுவதைப் படித்து வருகிறேன். நானாக ஓர் இழை தொடங்குவது இதுதான் முதல் தடவை.

ஒரு ஜாம்பி காமிக்ஸ் வரைய ஆரம்பித்திருக்கிறேன். 24 பக்கம். 1950களில் அமெரிக்காவில் 10 சென்ட்டுக்கு விற்ற திகில் புத்தகங்களைப் போல இருக்க வேண்டும் என்பது ஆசை. அந்தக் கறுப்பு நிழல், பச்சை முகம், மேலே பெட்டிக்குள் நீளமாக ஓடும் கதைசொல்லியின் வரிகள், எல்லாமே வேண்டும். கதையை நடத்துவது டோரதி, லூசியா என்று இரண்டு பெண்கள். நடுவில் எந்த ஆணும் வந்து காப்பாற்றப்போவதில்லை. களம் ஏதோ ஓர் அமெரிக்கச் சிற்றூர். கல்லறைத் தோட்டத்திலிருந்து கூட்டம் கூட்டமாகப் பிணங்கள் எழுந்து வருகின்றன. விடியும்வரை இருவரும் தாக்குப்பிடிக்க வேண்டும்.

6 பக்கம் முடித்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை. காகிதத்தை மஞ்சளாக்கினேன், புள்ளி போட்டேன், அட்டையில் மடிப்புக் கோடுகூடச் சேர்த்தேன். ஆனாலும் பழைய புத்தகத்தின் வேஷம் போட்ட புதுப் புத்தகமாகத்தான் தெரிகிறது. இன்னொரு குறையும் இருக்கிறது. டோரதி பேசுவதை லூசியாவின் பேச்சுப் பலூனில் போட்டாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இருவரும் ஓடுகிறார்கள், சுடுகிறார்கள். அதற்கு மேல் அவர்களைப் பற்றி எனக்கே ஒன்றும் தெரியவில்லை.

6 பக்கத்தையும் இங்கே இணைத்திருக்கிறேன். எங்கே தவறுகிறேன் என்று சொல்லுங்கள்.

ராப்பூச்சி எழுதியது:

முதலில் அந்த மஞ்சள் காகிதத்தைத் தூக்கிவிடுங்கள். ஃபிரான்செஸ்கோ ஃபிரான்காவிலா வரைந்து 2013இல் தொடங்கிய 'ஆஃப்டர்லைஃப் வித் ஆர்ச்சி'யைப் பாருங்கள். அதுவும் ஜாம்பி கதைதான், அதுவும் பழைய வாசனை உள்ளதுதான். ஆனால் அழுக்கு, கிழிசல், மடிப்பு ஒன்றும் இருக்காது. ஆரஞ்சு, கறுப்பு, கொஞ்சம் ஊதா. இருட்டை அவர் கறுப்பாகவே விட்டுவிடுகிறார், அதற்குள் ஒரே ஒரு ஆரஞ்சு ஜன்னல் எரியும். வண்ணத்தைக் குறைத்ததால்தான் அந்தப் பழமை வருகிறது.

அச்சுக்கூடத்தான் எழுதியது:

தங்கச்சி, நான் சிவகாசியில் ஆஃப்செட் அச்சகம் ஒன்றில் 22 வருடம் பிளேட் (அச்சுத் தகடு) பிரிவில் இருந்தவன். வரையத் தெரியாது. ஆனால் வண்ணம் காகிதத்தில் எப்படி விழும் என்று தெரியும். தம்பி ராப்பூச்சி சொன்னதோடு இன்னும் கொஞ்சம் சேர்க்கிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1955இல் ஒரு சிறுமி கடையில் 10 சென்ட் கொடுத்து வாங்கும்போது அந்தப் புத்தகத்தின் காகிதம் மஞ்சளாகவா இருந்திருக்கும்? நியூஸ்பிரிண்ட் புதிதாக இருக்கும்போது லேசான சாம்பல் கலந்த வெள்ளைதான். மரக்கூழில் இருக்கும் லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டு ஆண்டுக்கணக்கில் பழுத்து மஞ்சளாகிறது. நீங்கள் போட்டிருப்பது 1955ஆம் வருடத்தை இல்லை, 1955இல் வாங்கி பரணில் போட்ட புத்தகத்தின் இன்றைய நிலைமையை. உங்கள் கதை அன்றைக்கு நடப்பது என்றால் காகிதமும் அன்றைக்கு வாங்கியதாக இருக்கட்டும்.

அடுத்து வண்ணம். மஞ்சள், சிவப்பு, நீலம், இவற்றோடு கோட்டுக்குக் கறுப்பு. கறுப்பு பெரும்பாலும் கோடாகத்தான் வரும், சாயலுக்குக் கலக்க மாட்டார்கள். மற்ற மூன்றிலும் மூன்று அளவுதான்: 25 சதவீதம், 50 சதவீதம், முழுசு. அந்த நிறமே வேண்டாம் என்பதையும் ஓர் அளவாகக் கணக்கிட்டால் நான்கு தரம் நான்கு தரம் நான்கு, மொத்தம் 64. வெள்ளையும் அந்த 64க்குள் ஒன்று. அதைத் தாண்டி ஒரு நிறம்கூடக் கிடையாது. ஒரு நிறம் மெல்ல இன்னொன்றாக மாறுவது இல்லவே இல்லை. உங்கள் 3ஆம் பக்கத்து வானம் நீலத்திலிருந்து ஊதாவுக்கு வழுக்கிக்கொண்டு போகிறது பாருங்கள், அங்கேயே காலம் உடைந்துவிட்டது.

வெளிர் சாயலை அச்சில் புள்ளிகளாகத்தான் விழ வைப்பார்கள். அந்தப் புள்ளிகள் சின்னவை. ஓர் அங்குலத்துக்குச் சுமார் 60, 65 வரிசை. சாப்பாட்டு மேஜை தூரத்தில் வைத்துப் பார்த்தால் புள்ளி தெரியக்கூடாது, சாயல்தான் தெரிய வேண்டும். நீங்கள் பட்டாணி அளவுக்குப் போட்டிருக்கிறீர்கள். அது பின்னால் ஓவியக் கண்காட்சிகளில் பெரிதுபடுத்திப் பிரபலமானது, கடையில் விற்ற புத்தகத்தில் இருந்தது இல்லை. கறுப்புக் கோடு புள்ளியாக உடையாது, அதையும் கவனியுங்கள்.

கடைசியாக ரெஜிஸ்டர், அதாவது நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவது. வண்ணம் கோட்டை விட்டு விலகி நிற்பதை நீங்கள் கட்டத்துக்குக் கட்டம் வேறு வேறு திசையில் காட்டியிருக்கிறீர்கள். அச்சில் அப்படி வராது. விலகுவது பிளேட். சிவப்பு பிளேட் அரை மில்லிமீட்டர் வலப்பக்கம் போனால் அந்தத் தாள் முழுக்க, எல்லா உதடும் எல்லா ரத்தமும் வலப்பக்கம்தான் போகும். எங்கள் ஃபோர்மேன் தாளைத் தூக்கி ஒரு பார்வை பார்த்து "சிவப்பு ஓடுது, நிறுத்து" என்று குரல் கொடுப்பார். ஒரே திசையில் ஓட விடுங்கள், கண் தானாக நம்பும்.

தூரிகை எழுதியது:

அண்ணாச்சி, இதை அச்செடுத்து மேஜைக்கு முன்னால் ஒட்டிவிட்டேன். இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஒரு சந்தேகம். அந்த 25, 50, 100 என்பதை யார் பிரித்தார்கள்? அன்றைக்குக் கணினி இல்லையே.

அச்சுக்கூடத்தான் எழுதியது:

கையால்தான். எங்கள் தொழிலில் அதைப் பற்றி முன்னால் இருந்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், பிறகு படித்தும் இருக்கிறேன்.

நியூயார்க்கில் இருந்த வண்ணக்கலைஞர் பக்கத்தின் பிரதியில் சாயத்தைத் தீட்டி, ஒவ்வொரு இடத்துக்கும் குறியீடு எழுதி அனுப்புவார். மஞ்சள் 25, சிவப்பு 25 என்றால் ஒய்2 ஆர்2. அதுதான் வெள்ளைக்காரர் தோலுக்கு வழக்கமாகப் போட்ட குறியீடு. 2 என்றால் 25 சதவீதம், 3 என்றால் 50, எண் இல்லாவிட்டால் முழுசு. அந்தத் தாள் கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் என்ற ஊருக்குப் போகும். அங்கே மேஜை மேஜையாக உட்கார்ந்து, ஒவ்வொரு நிறத்தின் ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனித் தாளில் தூரிகையால் நிரப்பிப் பிரித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். மூன்று நிறம், மூன்று அளவு என்றால் ஒரு பக்கத்துக்கு 9 தாள் வரை. எந்தப் புத்தகத்திலும் அவர்கள் பெயர் வந்ததில்லை.

நம் ஊர் அச்சகங்களிலும் மடிப்பது, அடுக்குவது, ஒட்டுவது எல்லாம் பெண்கள்தான். இதைப் படித்தபோது எனக்கு அவர்கள் முகம்தான் ஞாபகம் வந்தது.

மாடஸ்டி ரசிகை எழுதியது:

தூரிகை, இரண்டு பெண்களும் ஒரே மாதிரி பேசுகிறார்கள் என்றீர்களே, அதற்கு வருகிறேன்.

அந்தக் காலத் திகில் காமிக்ஸ்களை உட்கார்ந்து நிறையவே படித்திருக்கிறேன். வரைந்தவர்கள் மகா திறமைசாலிகள். கிரஹாம் இங்கெல்ஸ் வரைந்த அழுகிய பிணத்துக்கு இன்றும் யாரும் பக்கத்தில் வர முடியாது. ஆனால் பெண்ணுக்கு அதில் இருந்த இடம் என்ன? பணத்துக்காகக் கணவனைக் கொல்லும் மனைவி, கடைசிக் கட்டத்தில் வாயைப் பிளந்து அலறும் முகம். பெரும்பாலும் இந்த இரண்டே வேலைதான். உங்கள் 2ஆம் பக்கத்தில் லூசியா அலறுகிறாளே, அந்தக் கோணம், அந்த விரல்கள் எல்லாம் அங்கிருந்து வந்தவை. பாணியை எடுக்கும்போது பெண்ணைப் பார்த்த அந்தப் பார்வையும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. அதை நீங்கள் கையால் பிரித்தெடுக்க வேண்டும்.

1968இல் வந்த ஜார்ஜ் ரொமேரோவின் ஜாம்பி படம் 'நைட் ஆஃப் த லிவிங் டெட்'டிலும் இதே கதைதான். தொடக்கத்திலேயே அண்ணனை இழக்கும் பார்பரா, அதற்குப் பிறகு படத்தின் பெரும்பகுதியில் பேச்சிழந்து சோபாவில் உட்கார்ந்திருப்பாள். 1990இல் அதே படத்தைத் திரும்ப எடுத்தபோது ரொமேரோவே திரைக்கதையை மாற்றி எழுதி அவளைப் போராடுபவளாக ஆக்கினார். தன் கதையைத் தானே திருத்த அவருக்கு 22 வருடம் பிடித்தது. நான் அவரை மதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் துப்பாக்கியைக் கையில் கொடுத்தால் மட்டும் பாத்திரம் வந்துவிடாது. தமிழில் லயன் காமிக்ஸ் 1984இல் தொடங்கியபோது முதல் புத்தகத்திலேயே சாகச நாயகி மாடஸ்டி வந்தாள். என் பெரியப்பா வீட்டுப் பெட்டியில் கிடந்த பழைய பிரதியைப் பத்து வயதில் படித்தேன், இன்றுவரை விடவில்லை. அவளும் அவள் கூட்டாளி கார்வினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது, இவன் செய்வதை அவள் செய்ய மாட்டாள், அவளுக்குத் தெரிவது இவனுக்குத் தெரியாது. அதனால்தான் அவர்கள் ஒருவருக்கொருவர் பேசியே ஆக வேண்டும். டோரதிக்குத் தெரிந்தது என்ன, லூசியாவுக்குத் தெரிந்தது என்ன? அதைச் சொல்லுங்கள், வசனம் தானாக வரும்.

ராப்பூச்சி எழுதியது:

அக்கா சொன்னதற்கு இன்னோர் உதாரணம், 'நைட் ஆஃப் த காமெட்', 1984. வால்நட்சத்திரம் வந்துபோன மறுநாள் லாஸ் ஏஞ்சல்ஸில் மிஞ்சும் அக்கா தங்கை. உலகம் அழிந்த பிறகும் வீட்டில் சண்டை போட்ட மாதிரியே சண்டை போடுவார்கள். அதனாலேயே பயம் நிஜமாக இருக்கும்.

பனிநாட்டுக் குமரன் எழுதியது:

டொரண்டோவிலிருந்து வணக்கம். தூரிகையின் கதையில் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது, இன்னும் யாரும் தொடவில்லை. கூட்டம் கூட்டமாக வரும் பிணங்கள் 1955க்கு உரியவை அல்ல.

ஜாம்பி என்ற சொல் ஹெய்ட்டியிலிருந்து வந்தது. அங்கே அது மந்திரவாதியின் கட்டளைக்கு உழைக்கும் உயிரற்ற அடிமை. பின்னால் அடிமை வாழ்க்கையின் நினைவு இருக்கிறது. 1950களின் அமெரிக்கக் காமிக்ஸில் பிணம் எழுந்தால், பெரும்பாலும் அது ஒற்றைப் பிணம். அதற்கு ஒரு காரணம் இருக்கும், ஒரு முகவரி இருக்கும். தன்னைக் கொன்றவனைத் தேடி நேராக அவன் வீட்டுக் கதவைத் தட்டும். காரணமே இல்லாமல், யாரென்று பாராமல், மனிதர்களைத் தின்னும் கூட்டமாக அது மாறியது 1968இல், அக்கா சொன்ன அதே படத்தில். அந்தப் படத்தில் ஜாம்பி என்ற சொல்லே கிடையாது. கடைசி நேரத்தில் தலைப்பை மாற்றியபோது காப்புரிமை வாசகமும் விடுபட்டுப்போனதால் படம் பொதுச் சொத்தாகிவிட்டது. அதனால் யார் வேண்டுமானாலும் அந்தக் கூட்டத்தைத் தங்கள் கதைக்குக் கூட்டிக்கொண்டு போக முடிந்தது.

இன்னொன்று. 1955இல் அப்படி ஒரு புத்தகம் கடையில் இருந்திருக்கவே முடியாது. 1954 ஏப்ரலில் அமெரிக்க செனட் துணைக்குழு காமிக்ஸ் பற்றி விசாரணை நடத்தியது. திகில் காமிக்ஸ் வெளியிட்ட ஈசி பதிப்பகத்தின் பில் கெயின்ஸ் அங்கே போய்த் தன் புத்தகங்களுக்காக வாதாடினார், எடுபடவில்லை. அக்டோபரில் பதிப்பாளர்கள் சேர்ந்து காமிக்ஸ் நெறிமுறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நடமாடும் பிணம், ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன் எல்லாவற்றுக்கும் தடை. தலைப்பில் திகில் என்ற சொல்லே கூடாது. 1971இல் கொஞ்சம் தளர்த்தினார்கள், காட்டேரிக்கும் ஓநாய் மனிதனுக்கும் இலக்கியத் தகுதி இருக்கிறது என்று அனுமதித்தார்கள். ஜாம்பிக்கு அப்போதும் இல்லை. மார்வெல் அதனால் 'ஜுவெம்பி' என்று வேறு பெயர் சொல்லி உள்ளே விட வேண்டியிருந்தது. ராப்பூச்சி சொன்ன ஆர்ச்சி காமிக்ஸ் இருக்கிறதே, அதை நிறுவியவர்களில் ஒருவரான ஜான் கோல்ட்வாட்டர்தான் அந்த நெறிமுறைச் சங்கத்துக்கு நீண்ட காலம் தலைவர். அதே பதிப்பகம் 2011இல் நெறிமுறையைக் கைவிட்டு, 2013இல் ஜாம்பி கதை போட்டது.

ஆக, 1954 அக்டோபருக்கு முன்பு என்றால் பெண்களுக்கு நாயகி இடம் அரிது. பின்பு என்றால் பிணத்துக்கே இடம் இல்லை. தூரிகை வரைய நினைக்கும் புத்தகம் எந்த வருடத்துக் கடையிலும் இருந்திருக்காது.

ராப்பூச்சி எழுதியது:

குமரன், வரலாறு சரி. ஆனால் அதற்காகக் கூட்டத்தை விட்டுவிடச் சொல்கிறீர்களா? இன்றைக்குப் படிப்பவர்களுக்கு ஜாம்பி என்றால் கூட்டம்தான். ஒற்றைப் பிணம் கதவைத் தட்டினால் பேய்க்கதை என்று போய்விடுவார்கள்.

பனிநாட்டுக் குமரன் எழுதியது:

விடச் சொல்லவில்லை. கூட்டம் வரட்டும், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு முகவரிக்குப் போகட்டும். காரணம் உள்ள கூட்டம் இன்னும் பயங்கரம் என்று நினைக்கிறேன். நம்மைக் கடிக்க வரவில்லை, பக்கத்து வீட்டுக்குப் போகிறது, ஏன் என்று நமக்குத் தெரியும்.

தூரிகை எழுதியது:

இரண்டு நாளாகத் தூங்கவில்லை. எந்த வருடத்துக் கடையிலும் இருந்திருக்க முடியாத புத்தகம் என்று குமரன் எழுதியதைப் படித்தபோது முதலில் சோர்ந்து போனேன். அப்புறம்தான் உறைத்தது, நான் வரைய வேண்டியதே அந்தப் புத்தகத்தைத்தான். அன்றைக்கு வந்திருக்க வேண்டியது, வர விடாமல் போனது.

டோரதியும் லூசியாவும் பிரிட்ஜ்போர்ட்டில் அண்ணாச்சி சொன்ன அந்த மேஜையில் உட்கார்ந்து வண்ணம் பிரிக்கும் பெண்கள். வருடம் 1955. ஒரு வருடம் முன்புவரை வாரம் தவறாமல் பிணங்களுக்கு நிறம் பிரித்தவர்கள். இப்போது அவர்கள் மேஜைக்குப் பிணமே வருவதில்லை, அணில்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்தான் வருகிறார்கள். செத்தவன் முகத்துக்கு எந்தக் குறியீடு என்று விரலுக்கே பழகிப்போனவர்கள்.

ஊரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பக்கம் யாராவது இருக்கிறீர்களா?

கனெக்டிகட் வாசி எழுதியது:

இருக்கிறேன். வேலைக்காக நியூ ஹேவன் பக்கம் வந்து 9 வருடம் ஆகிறது. இழையை முதலிலிருந்து படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

1955 என்று எழுதினீர்கள். இங்கே வயதானவர்களிடம் 1955 என்று சொன்னால் உடனே ஒரு நாளைச் சொல்வார்கள்: ஆகஸ்ட் 19, வெள்ளிக்கிழமை. அதற்கு ஒரு வாரம் முன்னால் கான்னி புயலின் மழையில் மண் ஊறிக் கிடந்தது. பிறகு டயான் புயல் வந்து ஒரே இரவில் கொட்டித் தீர்த்தது. நாகடக் ஆறு பொங்கி வாட்டர்பரி நகரத்தை அடித்துக்கொண்டு போனது. ஆறு வாட்டர்பரியிலிருந்து தெற்கே இறங்கி, நாகடக், பீக்கன் ஃபால்ஸ், சீமோர், ஆன்சோனியா வழியாக டெர்பியில் ஹௌசடானிக் ஆற்றோடு சேர்கிறது. வாட்டர்பரியிலிருந்து பிரிட்ஜ்போர்ட் போகும் ரயில் பாதை டெர்பிவரை அந்த ஆற்றை ஒட்டியே ஓடுகிறது. நான் அதில் போயிருக்கிறேன், ஜன்னலுக்குக் கீழேயே தண்ணீர். அந்த வெள்ளத்தில் சீமோரில் ஆற்றங்கரைக் கல்லறைத் தோட்டம் அரிக்கப்பட்டுச் சவப்பெட்டிகள் வெளியே வந்து ஆற்றில் போயின. இது நடந்த விஷயம்.

உங்கள் பெண்களில் ஒருத்தி பிரிட்ஜ்போர்ட்டிலிருந்து வடக்கே தன் வீட்டுக்குப் போக வேண்டும். ரயில் பாதை போய்விட்டது. அவர்கள் மேலே ஏறுகிறார்கள், பெட்டிகள் கீழே வருகின்றன. வரைபடமே கதையைச் சொல்கிறது.

வாட்டர்பரியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைக் கவனமாகத்தான் சொல்கிறேன். அதைப் பித்தளை நகரம் என்பார்கள், கடிகாரத்துக்கும் பேர்போன ஊர். அமெரிக்காவில் முதல் காமிக்ஸ் புத்தகங்களை அச்சடித்த ஈஸ்டர்ன் கலர் அச்சகமும் அங்கேதான் இருந்தது. 1920களில் அந்த ஊரின் கடிகாரத் தொழிற்சாலையில் இளம்பெண்கள், இருட்டில் ஒளிரும் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் கலந்த வண்ணம் தீட்டினார்கள். எண்கள் மெலிதாக வர வேண்டும் என்பதற்காகத் தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ரேடியம் உடம்புக்குள் போய் எலும்பில் தங்கியது. தாடை அரித்து, ரத்தம் வற்றிப் பலர் இறந்தார்கள். நியூ ஜெர்சியிலும் இல்லினாயிலும் இதே நடந்தது. வழக்கு நடந்ததால் நியூ ஜெர்சிப் பெண்களை உலகம் அறியும், வாட்டர்பரிப் பெண்களைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

1955இல் முப்பது வயதை நெருங்கும் ஒருத்தியின் அம்மா அந்த மேஜையில் உட்கார்ந்திருக்க முடியும். அம்மாவும் தூரிகை, மகளும் தூரிகை.

அச்சுக்கூடத்தான் எழுதியது:

இதைப் படித்து ரொம்ப நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

நியூ ஜெர்சியில் 1927இல் ஒரு பெண்ணின் உடலைப் புதைத்த இடத்திலிருந்து எடுத்துச் சோதித்தார்கள். எலும்பை ஃபிலிமின் மேல் வைத்தபோது அதிலிருந்து வந்த கதிர் ஃபிலிமில் தானாகப் பதிந்தது. இறந்து 5 வருடம் ஆகியிருந்தது. ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1600 வருடம் ஆகும்.

தங்கச்சி, அச்சுத்தொழிலில் ஃபிலிமில் வெளிச்சம் பட்டால் போச்சு. அதனால் இருட்டறையைப் பூட்டி வைப்போம். உங்கள் கதையில் பிரிட்ஜ்போர்ட் இருட்டறையில் பூட்டியிருந்த ஃபிலிம் ஒரு காலையில் மங்கிப்போயிருக்கட்டும். கதவு பூட்டியபடியே இருக்கட்டும். யாரோ இரவு வந்து ரொம்ப நேரம் பக்கத்தில் நின்றிருக்கிறார்கள் என்று எங்களைப் போன்றவர்களுக்கு அது ஒன்றே போதும்.

மாடஸ்டி ரசிகை எழுதியது:

எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

அவர்கள் நிஜமான பெண்கள். தாடை கழன்று விழுந்து செத்தவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அந்த ஊரில் இன்றும் இருப்பார்கள். அவர்களை எழுப்பிக் கொண்டுவந்து பச்சை முகம் பூசிப் பயங்காட்டினால், முதலாளி செய்ததைவிட அது எந்த விதத்தில் மேல்? அந்த உடைந்த தாடையைப் பெரிதாக வரைய ஒவ்வொரு ஓவியருக்கும் கை பரபரக்கும். இங்கெல்ஸ் பாணியில் அது பிரமாதமாகவும் இருக்கும். அதுதான் எனக்குப் பயம்.

கனெக்டிகட் வாசி எழுதியது:

ரசிகை சொல்வது நியாயம். நானும் அதனால்தான் யோசித்து யோசித்து எழுதினேன். நிஜப் பெயர் எதையும் தொடாதீர்கள். தொழிற்சாலையின் பெயரும் வேண்டாம்.

பனிநாட்டுக் குமரன் எழுதியது:

அந்தக் காலத் திகில் கதைகளில் பிணம் பெரும்பாலும் குற்றவாளி அல்ல, கொல்லப்பட்டது. வாசகர் பயப்பட வேண்டியது அது யார் வீட்டுக் கதவைத் தட்டப்போகிறது என்பதை நினைத்து. அந்தப் பழைய வழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் ரசிகையின் தயக்கத்துக்குப் பதில் கிடைக்கலாம். இங்கே பழைய பாணி அலங்காரமாக நிற்கவில்லை, வேலை செய்கிறது.

தூரிகை எழுதியது:

ஒரு மாதம் கழித்து வருகிறேன். முதல் 6 பக்கத்தையும் கிழித்துவிட்டுப் புதிதாக 11 பக்கம் வரைந்திருக்கிறேன். ரசிகை அக்காவின் பதிவைத்தான் அதிகத் தடவை படித்தேன்.

தாடையை வரையவில்லை. எழுந்து வரும் பெண்கள் எல்லோரும் வாயைக் கையால் மூடியிருக்கிறார்கள். உயிரோடு இருந்தபோதும் வலியில் அப்படித்தான் மூடியிருப்பார்கள் என்று நினைத்தேன். 24 பக்கத்திலும் அந்தக் கை எடுக்கப்படாது. அவர்கள் யாரையும் கடிப்பதும் இல்லை. ஈரம் சொட்டச் சொட்ட நடக்கிறார்கள், மேட்டுத் தெருவில் வெள்ளம் ஏறாத பெரிய வீடுகளைத் தேடி. டோரதியையும் லூசியாவையும் தாண்டிப் போகிறார்கள்.

டோரதிக்குத் தெரிந்தது ஆறும் ரயில் பாதையும். அவள் அப்பா அந்தப் பாதையில் வேலை பார்த்தவர், எந்தப் பாலம் தாங்கும், எது தாங்காது என்று அவளுக்குத் தெரியும். கையில் இருக்கும் மனிதர்களைக் காப்பாற்றினால் போதும், செத்தவர்களைப் பற்றி யோசிக்க நேரமில்லை என்பது அவள் கட்சி. லூசியாவுக்கு இரண்டு வயதில் அம்மா போய்விட்டாள். அம்மாவின் முகமே ஞாபகமில்லை, இருட்டில் ஒளிரும் ஒரு கைக்கடிகாரம்தான் மிச்சம். இந்தப் பெண்கள் எங்கே போகிறார்கள் என்பது அவளுக்கு மட்டும்தான் புரிகிறது. ஓடு என்கிறாள் ஒருத்தி, நில் என்கிறாள் இன்னொருத்தி. இப்போது பலூன்களை மாற்றிப் போட்டால் கதையே நின்றுவிடும்.

வண்ணம் 64க்குள்தான். ஒரு கட்டத்தில் 65ஆவது நிறம் வேண்டியிருந்தது, விட்டுக்கொடுக்கவில்லை. சிவப்பு பிளேட் புத்தகம் முழுக்க வலப்பக்கம் ஓடுகிறது. காகிதம் வெள்ளை.

ஒரு கேள்வி பாக்கி. எழுத்து இடம் பிடித்துக்கொள்கிறது. கதைசொல்லியின் பெட்டி படத்தை விழுங்குகிறது.

அச்சுக்கூடத்தான் எழுதியது:

தமிழ் எப்போதும் ஆங்கிலத்தைவிட இடம் கேட்கும். மொழிபெயர்ப்புப் புத்தகம் வரும்போதெல்லாம் பலூன் நிரம்பி வழியும், எழுத்தைச் சுருக்கிச் சுருக்கிக் கடைசியில் கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டியிருக்கும். ஈசி பதிப்பகத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஓவியர் வரையும் தாளில் முதலில் எழுத்தைப் போட்டுவிட்டு, மிச்ச இடத்தில்தான் ஓவியரை வரையச் சொன்னார்கள். நீங்களும் எழுத்தை முதலில் வையுங்கள். படம் தன் இடத்தைத் தானே பார்த்துக்கொள்ளும்.

மாடஸ்டி ரசிகை எழுதியது:

அந்தக் கை. படித்ததும் கண் கலங்கிவிட்டது. வரையுங்கள்.

வசனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டோரதியும் லூசியாவும் நம் ஊர் வட்டார வழக்கில் பேச வேண்டாம், வாட்டர்பரி தொலைந்துவிடும். அதே சமயம் பாடப்புத்தகத் தமிழும் வேண்டாம். லயன், முத்து மொழிபெயர்ப்புகளில் ஒரு தமிழ் இருந்தது, நம் தெருவில் யாரும் பேசாதது, ஆனால் அந்த மனிதர்கள் பேசுவதாக நாம் நம்பியது. அந்தத் தமிழைத் தேடுங்கள்.

ராப்பூச்சி எழுதியது:

கடைசிப் பக்கம் என்ன என்று மட்டும் சொல்லிவிடுங்கள் அக்கா. புத்தகம் வந்ததும் வாங்கத்தான் போகிறேன், ஆனாலும் காத்திருக்க முடியவில்லை.

தூரிகை எழுதியது:

சொல்கிறேன். இந்த இழையில் இருப்பவர்களுக்குத் தெரியலாம்.

புத்தகம் முழுக்க உயிரோடு இருப்பவர்களுக்கு ஒய்2 ஆர்2, மஞ்சள் 25 சிவப்பு 25. எழுந்து வருபவர்களுக்குச் சிவப்பை எடுத்துவிட்டு நீலம் 25. ஒரே ஒரு தாள்தான் வித்தியாசம்.

கடைசிப் பக்கத்தில் இருவரும் பிரிட்ஜ்போர்ட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலை, அதே மேஜை. இருட்டறையில் ஃபிலிம் மங்கியிருக்கிறது, அண்ணாச்சி சொன்ன மாதிரியே. அதன் நடுவில் மட்டும் ஒரு முகத்தின் அளவுக்கு வெள்ளை விட்டிருக்கிறது. லூசியா அதை எடுத்து விளக்குப் பலகையில் வைக்கிறாள். தூரிகையை எடுத்து, வழக்கம்போல உதட்டருகே கொண்டுபோய், நிறுத்துகிறாள். டோரதி ஒன்றும் பேசாமல் தண்ணீர்க் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்துகிறாள். லூசியா நுனியைத் தண்ணீரில் கூராக்கிக்கொண்டு, ஓரத்தில் குறியீடு எழுதுகிறாள். ஒய்2. அப்புறம் ஆர்2.

அந்தக் கடைசிக் கட்டத்தில் மட்டும் சிவப்பு பிளேட்டை ஓடவிடாமல் சரியாக உட்கார வைக்கலாமா அண்ணாச்சி? ஒரே தாளில் அது முடியாது என்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது.

அச்சுக்கூடத்தான் எழுதியது:

முடியும். கடைசிப் பக்கத்தைத் தனித் தாளாக ஓட்டுங்கள். செலவு கொஞ்சம் கூடும். அச்சுக்குக் கொடுக்கும் நாள் எது என்று சொல்லுங்கள், நான் நேரில் வந்து தாளைப் பார்க்கிறேன்.